முத்தையா பிழிந்த காமரங்காய் ஜூஸ்

கிளினிக்கில் புதிதாகச் சேரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நோயாளியிடம் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டில் யார் என்ன தருகிறார்கள் என்றும் கேளுங்கள். இதை நான் கற்றுக்கொண்டது பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ராசம்மாவிடமும் அவள் புருஷன் முத்தையாவிடமும்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன், காரணம் கடைசியில் புரியும்.

ராசம்மா கொழுந்தெடுப்பவள். சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் கிட்னி கொஞ்சம் பழுதாகி, பதுளையில் எங்கள் கிளினிக்குக்கு மாதாமாதம் வருவாள். அன்று வந்தபோது கால் வீங்கியிருந்தது, விக்கல் நிற்கவேயில்லை. கிட்னியின் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் எகிறியிருந்தது. இன்னும் ஏறினால் டயலிசிஸ்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முத்தையாவை மருந்தெடுக்க அனுப்பிவிட்டு அவளை விசாரித்தேன்.

"காலையில வெறும் வயித்துல காமரங்கா ஜூஸ் குடிக்கிறேன் சிஸ்டர். அவருதான் பிழிஞ்சு தாறாரு. போன்ல பார்த்தாராம். அதுல அன்டிஒக்சிடன்ட் இருக்காம், கிட்னிய காப்பாத்துமாம்."

"எவ்வளவு?"

"சொம்பு நெறைய. புளிப்புல பல்லு கூசுது. அடுப்படிப் பக்கமே வராத மனுசன் ஆசையா தாறாரு, எப்புடி வேணாங்கிறது?"

போதாக்குறைக்கு, கொழுந்தெடுக்கும் மலையில் ஒதுங்க இடமில்லை என்று பகலெல்லாம் தண்ணீரும் குடிப்பதில்லை. நட்சத்திரப் பழம் என்கிற இந்தக் காமரங்காயில் அன்டிஒக்சிடன்ட் இருப்பது உண்மைதான். கூடவே ஒக்சலேட் என்ற உப்பும் இருக்கிறது. உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தால் அது கிட்னிக்குள் போய்ப் படியும். பழுதான கிட்னிக்கு அந்தப் பழமே விஷம். உடனே வார்டில் சேர்த்தோம்.

வார்டுக் கட்டிலில் ராசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜூஸாலதான்னு அவருகிட்ட சொல்லிறாதீங்க சிஸ்டர். மனசு ஒடஞ்சிருவாரு."

எனக்குக் கோபமும் வந்தது, பாசமும் வந்தது. முத்தையாவிடம், "இனி எந்த ஜூஸும் வேணாம். டாக்டர் சொல்ற அளவு தண்ணி மட்டும் குடுங்க" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

டயலிசிஸ் தேவைப்படவில்லை. அடுத்த கிளினிக்குக்கு ராசம்மா தெளிவான முகத்தோடு வந்தாள்.

"காமரங்கா மரத்த வெட்டிட்டாரு சிஸ்டர். போஞ்சிச் செடிக்கு வெயில் படலையாம். கங்காணிகிட்ட பேசி எங்க லயத்து வீட்டுக்குக் கிட்டவே எனக்கு வேலையும் வாங்கிட்டாரு. இப்ப வீட்டுக்கு வந்து போயிக்கலாம், தண்ணியும் குடிக்கிறேன்." குரலைத் தாழ்த்தினாள். "நல்லவேள, ஜூஸ் விசயம் அவருக்குத் தெரியாது."

அவள் இரத்தப் பரிசோதனைக்குப் போனதும் முத்தையா என் மேசைக்கு வந்தார்.

"வார்டுல பக்கத்துக் கட்டில் அம்மா நீங்க பேசினதக் கேட்டு அன்னைக்கே சொல்லிட்டாங்க சிஸ்டர். நான்தான் அவள இந்தக் கதிக்கு ஆளாக்கினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம். அப்புறம் என்னைய நெனச்சு கவலப்படுவா."

சரி என்று அவருக்கும் வாக்குக் கொடுத்தேன். அதனால் பிள்ளைகளே, வீட்டில் என்ன தருகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். தந்தவரைத் திட்டிவிடாதீர்கள்.

ராசம்மா திரும்பி வந்தாள். முத்தையா பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள்.