மீன் ஐஸும் மூளைத் துண்டும்

பிள்ளைகளே, வாஷியில் நான் எடுபிடி வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் மனித மூளையின் ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து ஆராய்கிறார்கள். நரம்பு செல்லாக மாறக்கூடிய மூல செல்கள் அவை. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களுக்கு டாக்டர்கள் மூளையில் சிறு பகுதியை வெட்டி எடுப்பதுண்டு. வீட்டார் கையெழுத்துப் போட்டால் அதில் ஒரு துண்டு எங்களுக்கு வரும். அதை நறுக்கி, கரைத்து, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் பெட்டியில் வைப்பார்கள். உயிர் இருந்தால் சில நாளில் செல்கள் பெருகிச் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும்.

அன்று ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்கப் போனது நான். ஏழு வயதுப் பெண் குழந்தையுடையது. நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டு அதன் அம்மா பக்கத்தில் வந்தாள், தாராவிக்காரி.

"அண்ணாச்சி, இத வச்சு வேற பிள்ளையளுக்காவது மருந்து கண்டுபிடிப்பாவளா?"

"அதுக்குத்தாம்மா கொண்டு போறேன்."

நல்ல மழை. செம்பூர் தாண்டியதும் ரயில் நின்றது. ஒரு மணி நேரமாகியும் நகரவில்லை. லக்கேஜ் பெட்டியில் உட்கார்ந்து, துண்டு வைத்திருந்த தெர்மாகோல் பெட்டியைத் திறந்தேன். ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது.

பக்கத்திலிருந்த மீன்காரம்மா எட்டிப் பார்த்தாள். "க்யா ஹை பையா, பாப்லெட்?" வாவல் மீனா என்று கேட்கிறாள்.

"தவாய்" என்றேன். மூளை என்று சொல்ல வாய் வரவில்லை.

மருந்து கெட்டுவிடுமே என்று அவள் தன் கூடை ஐஸை அள்ளிப் போட்டாள். மேலே கல்லுப்பும் தூவினாள். உப்பு விழுந்தால் ஐஸின் குளிர் ஏறும் என்பது குல்ஃபிக்காரனைப் பார்த்து எனக்கும் தெரியும். நல்லதுதான் என்று மூடிவிட்டேன்.

ஆய்வுக்கூடத்து மேடம் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண். நான் போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறந்து, துண்டு இருந்த குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னண்ணா இது, கல்லாட்டம் உறைஞ்சிருக்கு?"

நடந்ததைச் சொன்னேன்.

"ஐயோ, ஐஸ் தண்ணியே போதுமேண்ணா. இப்படி உறைஞ்சா செல் உடைஞ்சுடும். எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"குளிரு கொறஞ்சிரப்பிடாதுன்னுதாம்மா..."

போன் சட்டைப் பையில்தான் இருந்தது. எல்லாம் தெரியும் என்று நினைத்ததால் கேட்கத் தோன்றவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. உருக வைத்து, நறுக்கி, முறைப்படி எல்லாம் செய்தார். தினமும் காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்; நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். ஒருநாள் என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டை ஒன்றுகூட இல்லை. தூசி மாதிரி ஏதோ மிதந்தது. அந்தக் குழந்தையிடமிருந்து இன்னொரு துண்டு வெட்ட முடியாது.

இரண்டாவது வாரம் அந்தச் செல்களை வளர்க்க வைத்த தட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கழித்த தட்டுகளைக் கழுவுவது என் வேலை. ப்ளீச் ஊற்றினேன். செல்களுக்கு உணவாக ஊற்றியிருந்த இளஞ்சிவப்பு நீர் மெல்ல வெளுத்தது.