ரிலீவர் வராத படகு

மருதாசலத்தின் முகம் தெரியாதவர்கள் நெய்வேலியில் உண்டு. அவர் கதை தெரியாதவர்கள் கிடையாது. அவரே தெருத்தெருவாகச் சொல்லிப் பரப்பிய கதைதான். சுரங்கத்தில் நிலக்கரி ஏறிப் போகும் கன்வேயர் பெல்ட்டுக்கு அவர் ஆபரேட்டர். பெல்ட்டுக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதிவிட்டது என்று எழுந்து போய்விட முடியாது. அடுத்த ஷிப்ட்டுக்காரன், அதாவது ரிலீவர், பக்கத்தில் வந்து நின்று "சரி, நான் பாத்துக்கறேன்" என்று வாயால் சொன்ன பிறகுதான் இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டும். நல்ல சட்டம்தான். சட்டத்தைச் சட்டமாக வைத்திருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. மருதாசலம் அதைச் சாமியாக்கிக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை, உடுமலைப்பேட்டைப் பக்கத்து ஊரில் அவருடைய அப்பா தவறிப்போனதாகத் தந்தி வந்தது. பெல்ட்டின் கேபினுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றைக்குப் பார்த்து ரிலீவருக்குக் காய்ச்சல். சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொன்னால் வேறு ஆளைப் போட்டிருப்பார். மருதாசலம் சொல்லவில்லை. தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஷிப்ட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது தம்பி கொள்ளி வைத்து முடித்துவிட்டான். சாம்பல்கூட ஆறிப்போயிருந்தது.

வேறொருவராக இருந்தால் இதை வெளியில் சொல்லக் கூசியிருப்பார். மருதாசலமோ இதைப் பதக்கமாகக் குத்திக்கொண்டார். "எங்கப்பன் செத்தப்பக்கூட நான் பெல்ட்ட உட்டு எந்திரிக்கலீங்க" என்று கேன்டீனிலும் ரேஷன் கடையிலும் கல்யாணப் பந்தியிலும் சொல்வார். அவருக்கு முந்தின ஷிப்ட் பார்க்கும் வடக்குத்து வைத்திலிங்கம், இளவட்டம், அதை வாயைப் பிளந்து கேட்பான். கேட்கக் கேட்க மருதாசலத்துக்கு அப்பா செத்ததே ஒரு பாக்கியமாகத் தோன்ற ஆரம்பித்தது. அவர் மனைவி சுப்புலட்சுமி மட்டும் அந்தக் கதை தொடங்கியதும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மகள் புஷ்பவல்லிக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்தார்கள். குவார்ட்டர்ஸில் பெண் பார்க்கும் சடங்கு என்பது மைக் வைத்து அறிவிப்பதற்குச் சமம். ஒரு வீட்டில் பஜ்ஜிக்கு எண்ணெய் காய்ந்தால் பிளாக் முழுவதும் மூக்கை நீட்டும். வந்தவர்கள் கைநனைத்தார்களா, முகம் சுளித்தார்களா என்பதை எதிர்வீட்டுப் பட்டம்மாள் ஜன்னல் வழியாகவே படித்துவிடுவாள். இரண்டு இடம் வந்து தட்டிப்போயிற்று. இரண்டு தடவையும், வந்தவர்கள் பதில் சொல்வதற்கு முன்பே அவள் வந்து துக்கம் விசாரித்தாள். மூன்றாவதும் இப்படிப் போனால் மகளை அரளிச் செடி மாதிரி வாசலில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மருதாசலம் பயந்துபோனார்.

மூன்றாவது இடம் லேசான இடமில்லை. மண்வெட்டும் ராட்சத இயந்திரத்தில் ஃபோர்மேனாக இருந்த அய்யாசாமியின் மகன் நல்லசாமி. அங்கேயும் அதே ரிலீவர் சட்டம்தான். ஒரே ஜாதி, ஒரே ஜில்லா, பையனும் சுரங்கத்திலேயே போன வருஷம் பெர்மனென்ட் ஆனவன். அந்தக் காலத்து நெய்வேலியில் பெர்மனென்ட் என்ற ஒரு சொல் இருந்தால் போதும். ஜாதகத்தில் ஏழாமிடம் எரிந்துகொண்டிருந்தாலும் அணைந்துவிடும். இந்தச் சம்பந்தம் கைகூட வேண்டும், கூடாமல் போனால் ஒரு ஈ காக்கைக்கும் தெரியக்கூடாது. இதுதான் மருதாசலத்தின் கவலை. கவலை முற்றி யோசனையாயிற்று. வெள்ளாற்றில், பரங்கிப்பேட்டைக்கு மேலே, கரையோரத்தில் பழங்காலக் கோயில்கள் இருக்கின்றன. பாய்மரப் படகில் போய்க் கும்பிடலாம். கோயில் டூர் என்று பேர். நடுவே பெண்ணையும் பார்த்துக்கொள்ளலாம். பட்டம்மாளின் ஜன்னல் ஆறு வரைக்கும் நீளாது.

மந்தாரக்குப்பத்தில் ஒரு வேன் பேசி, சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாக இரண்டு குடும்பங்களும் போய்ச் சேர்ந்தன. படகுக்காரர் குஞ்சிதபாதம் அதுவரை தேங்காயும் சவுக்குக் கட்டையும் ஏற்றியவர். மனிதர்களை ஏற்றுவது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதை அவர் சொல்லவில்லை. கடல் வரைக்கும் போய்வந்த கதைகளைத்தான் சொன்னார். மருதாசலத்துக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. இனம் இனத்தோடுதானே சேரும்.

படகின் இரண்டு பக்கமும் நீளப் பலகை. கடல்பக்கம் இருந்து நல்ல காற்று. அய்யாசாமி குடும்பம் ஒரு பலகையில், மருதாசலம் குடும்பம் எதிர்ப்பலகையில். அய்யாசாமியும் அவர் மனைவி பொன்னம்மாளும் நல்ல ஆகிருதி. மருதாசலமும் சுப்புலட்சுமியும் சேர்ந்தால் அவர்களில் ஒருவருக்கு ஈடாக மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பொன்னம்மாள், "இங்க வந்து உக்காரு கண்ணு" என்று புஷ்பவல்லியைத் தன் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். பாசம் மாதிரி தலையைத் தடவிச் சவுரி இருக்கிறதா என்று பார்த்தாள். வேடிக்கையாகப் பேசிச் சிரிக்கவைத்துப் பல்வரிசை பார்த்தாள். நல்லசாமி புளிச்சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்திருந்தான். அடக்கமான பையன் என்று மருதாசலம் மனதுக்குள் மாலை போட்டுக்கொண்டார்.

முதல் கோயிலில் குருக்கள் சாவியோடு எங்கோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். சோழன் கட்டினானோ யார் கட்டினார்களோ, வௌவால்கள் மட்டும் பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்தன. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று இருட்டைக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். "பழமைன்னா இதுங்க பழமை" என்றார் மருதாசலம். அய்யாசாமி தலையாட்டினார். சம்பந்தம் பாதி முடிந்த மாதிரிதான் இருந்தது.

மறுபடி படகு கிளம்பும்போது குஞ்சிதபாதம் ஒரு விஷயம் சொன்னார்.

"ஆறு திரும்பற எடத்துல காத்து அந்தாண்டேருந்து அடிக்கும். நான் குரல் குடுத்ததும் இந்தாண்ட குந்திகினு இருக்கறவங்க அந்தாண்ட போவணும், அந்தாண்ட இருக்கறவங்க இந்தாண்ட வரணும். கனம் மாறணும், அவ்ளோதான்."

எல்லாரும் விழித்தார்கள். மருதாசலம்தான் விளக்கினார். "புரிஞ்சுதுங்க. ஷிப்ட் மாத்தறது."

ஷிப்ட் என்றதும் எல்லார் முகமும் தெளிந்தது. இரண்டு குடும்பமும் அந்தச் சொல்லைத் தின்று வளர்ந்தவை. அய்யாசாமி, "அப்படிச் சொன்னாப் புரியுது" என்றார். படகு அந்தச் சொல்லிலேயே மூழ்கிவிட்டது. தண்ணீரில் மூழ்கியது அப்புறம்தான்.

ஆறு திரும்பியது. காற்றும் மாறியது. குஞ்சிதபாதம் குரல் கொடுத்தார். "ஷிப்ட் மாறுங்க" என்று மருதாசலமும் கூவினார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அய்யாசாமி, மருதாசலம் வந்து பக்கத்தில் நிற்கட்டும் என்று காத்திருந்தார். மருதாசலம், அய்யாசாமி வந்து நிற்கட்டும் என்று காத்திருந்தார். ரிலீவர் வராமல் இடத்தை விட்டு எழுந்திருக்கும் ஈனப்பிறவி இரண்டு பலகையிலும் இல்லை. படகு அய்யாசாமி பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

"வாங்க மச்சான், நீங்க வந்து எடத்த வாங்கிக்குங்க" என்றார் அய்யாசாமி.

"நான் எப்படிங்க எந்திரிக்கறது? இங்க ஆளு வரோணுமில்லீங்க" என்றார் மருதாசலம்.

பேச்சு இப்படி மரியாதையாகப் போய்க்கொண்டிருக்கையில் தண்ணீர் மரியாதை பார்க்காமல் உள்ளே வந்தது. கடல் வரைக்கும் போய்வந்த குஞ்சிதபாதம் முதல் ஆளாக ஆற்றில் குதித்தார். புஷ்பவல்லி எழுந்தாள். பொன்னம்மாளின் கையைப் பிடித்து மேட்டுப் பக்கம் இழுத்தாள். பொன்னம்மாள் கையை உருவிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். புருஷன் மருதாசலத்தைப் பார்த்தார். புஷ்பவல்லி நல்லசாமியைப் பார்த்து, "எந்திரிங்க" என்றாள். அவனோடு அவள் பேசிய முதல் வார்த்தை அது. அவன் எதிர்ப்பலகையைப் பார்த்தான், யாராவது வருகிறார்களா என்று. தண்ணீர் தொடைக்கு வந்து, தூக்குக்கு வந்து, நெஞ்சுக்கு வந்தது. புளிச்சோறு மிதந்து போனது. அவன் உட்கார்ந்தே இருந்தான்.

நல்லவேளையாக அந்த இடத்தில் ஆறு இடுப்பளவுதான். படகு சேற்றில் குந்திவிட்டது. ஊர் கண் படாத இடம் என்று மருதாசலம் தேடிப் பிடித்த இடத்தில் கரை நெடுக வாத்து மேய்ப்பவர்களும் துணி துவைப்பவர்களும் நின்று சிரித்தார்கள். சேறு சொட்டச் சொட்ட இரண்டாவது கோயிலுக்கு நடந்து போனபோது நடை சாத்தியிருந்தது.

ஒரு வாரம் மருதாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம், அவர் ரெண்டாம் ஷிப்ட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், அய்யாசாமியே வீட்டுக்கு வந்தார். நாற்காலி நிறைய உட்கார்ந்தார். பையன் அன்றைக்குக் காட்டிய நிதானத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பொண்ணுதான் கொஞ்சம் அவசரக்காரிங்க மச்சான். மாமியா பக்கத்துல உக்கார வெச்ச எடத்த, ஆளு வராம உட்டுட்டு எந்திரிச்சிருச்சு. இருக்கட்டும், சின்ன வயசு. எங்க வீட்டுக்கு வந்தாச் சரியாயிரும். நாங்க ஒத்துக்கறோம்."

மருதாசலத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கும்பிட இரண்டு கையையும் தூக்கினார். அதற்குள் சமையலறை வாசலில் புஷ்பவல்லி வந்து நின்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"தண்ணி நெஞ்சுக்கு வந்தப்பறமும் ஆளு வரட்டும்னு பாத்துட்டு உக்காந்திருக்கறவரு எனக்கு வேண்டாங்கப்பா. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னாலும் அப்படித்தான் உக்காந்திருப்பாரு."

அய்யாசாமி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். இந்தத் தடவை ரிலீவருக்குக் காத்திருக்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் பட்டம்மாளின் முகம் பௌர்ணமியாக நின்றது. மருதாசலம் மகளைப் பார்த்துக் கத்தினார். மானம் போயிற்று, மரியாதை போயிற்று, யார் கொடுத்த திமிர் என்றெல்லாம் கேட்டார். சுப்புலட்சுமி அதுவரை அவருடைய டிபன் கேரியரை மூடிக்கொண்டிருந்தாள்.

"அவ பயந்தது அந்தப் பையனப் பாத்து இல்லீங்க" என்றாள். "அன்னிக்கு நீங்க எந்திரிச்சுப் போயிருந்தா மாமா மொகத்தயாவது பாத்திருக்கலாம். நான் முந்திப் போயிப் பாத்தேன், அத்தை வாசலயே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. எல்லாரும் அழுது முடிச்சப்பறமும் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க."

இதை அவள் இத்தனை வருஷமாகச் சொன்னதில்லை. அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது மருதாசலத்துக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே நின்றார். சங்கு ஊதியது. அதுவும் காதில் விழவில்லை. மறுபடி நினைவு வந்து சைக்கிளை எடுத்தபோது, சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவர் லேட்.

பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கேபினில் முந்தின ஷிப்ட்டு வைத்திலிங்கம் இன்னும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வேர்வை.

"நேரமாயிருச்சேப்பா. சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல" என்றார் மருதாசலம்.

"வூட்டுல அதுக்கு வலி எடுத்துகினு இருக்குதுண்ணே. மொதப் பிரசவம். சங்குக்கு ரொம்ப முன்னாலயே ஆளு வந்து சொல்லிட்டுப் போனாங்க."

"அடப்பாவி, அப்புறம் ஏன்டா உக்காந்திருக்கே?"

வைத்திலிங்கம் அவரைப் புரியாமல் பார்த்தான்.

"நீங்க உங்க அப்பாவுக்கே எந்திரிக்கலியேண்ணே."

மருதாசலம் வாயைத் திறந்தார். ஓடு, ஓடுடா என்று கையை மட்டும் ஆட்டினார். வைத்திலிங்கம் எழுந்தான், ஆனால் போகவில்லை. "சரி, நான் பாத்துக்கறேன்" என்று அவர் வாயால் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றான்.