நாலு மணிக்குக் காத்திருந்த கடிகாரம்

“ரூட்டர்ல நீ கை வச்சியா, இல்லையா?”

“ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. உங்கப்பாவுக்குப் பீ அள்ளிட்டு, மிச்ச நேரத்துல அதைத்தான் நோண்டிட்டிருக்கேன்.”

இந்தச் சண்டையை நான் கதவில் காது வைத்துக் கேட்கவில்லை. அல்மாட்டியில் எங்கள் கட்டடத்துச் சுவர்களே அப்படி. எதிர்வீட்டில் தும்மினால் நான் மூக்கைத் துடைத்துக்கொள்வேன். இனி சொல்லப்போவது அத்தனையும் நடந்தது. பாதியை நானே பார்த்தேன். மீதியை மார்ஜான் என் சமையலறையில் உட்கார்ந்து, பல் கிட்டிக்கச் சொன்னாள்.

மார்ஜான் எதிர்வீட்டு மருமகள். புருஷன் குவானிஷுக்குக் காஸ்பியன் கரையில் எண்ணெய்க் கிணற்றில் வேலை. பதினைந்து நாள் அங்கே, பதினைந்து நாள் இங்கே. மாமனார் ஓராஸ்பெக் எலும்பில் புற்றுநோய் வந்து படுத்த படுக்கை. தினமும் மாலை நாலு மணிக்கு மார்ஜான் வலி ஊசி போடவேண்டும். முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் கொடி காட்டிய மனிதர் அவர். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடப்பாரே தவிர, நாலு ஆகாமல் ஊசி கேட்கமாட்டார். எதிர்ச்சுவரில் சிவப்பு எண்களோடு ஒரு கடிகாரம். அது ரூட்டரிடம் மணி கேட்டு, ரூட்டர் சொன்னதைக் காட்டும். கிழவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

2024 மார்ச் ஒன்றாம் தேதி அரசாங்கம் எங்கள் ஊர் மணியை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியது. ஊரே கடிகாரத்தைத் திருகியது. அவர்கள் வீட்டுப் பழைய ரூட்டர் தானாக மாறவில்லை. குவானிஷ் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மார்ஜான் கையால் மாற்றினாள். ஆக, வித்தையைக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான்.

மறுவாரம் அவளாகவே இன்னும் ஒரு மணி நேரம் தள்ளினாள். ஊசி தள்ளினால் சாப்பாடு தள்ளும், படுக்கைத் துணி மாற்றுவது தள்ளும். மிச்சமான நேரத்தில் என் வீட்டில் பால் தேநீர், சூடாகப் பொரித்த பாவுர்சாக் உருண்டை, ஊர்வம்பு. எனக்குத் தெரியுமா என்கிறீர்களா? தெரியும். “இன்னொரு கோப்பை ஊத்தவா?” என்று கேட்பதே நான்தான்.

புருஷன் லீவில் வரும்போது மணியைச் சரியாக்கிவிடுவாள். ஆனால் வீடியோ காலில் அவன் பார்த்துவிட்டான். அவன் கைக்கடிகாரத்தில் நாலு, அப்பா பார்த்துக்கொண்டிருந்த கடிகாரத்தில் மூன்று. ஏப்ரல் ஒன்பதாம் தேதி, வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அதைக் கேட்டதுதான் இந்தச் சண்டை. கரண்ட் போனால் ரூட்டர் பின்னாடி போகிறது என்று அவள் அழுதாள். அவனும் நம்பினான். ஆண்பிள்ளைகள் அழுகையை நம்புவார்கள், கடிகாரத்தை நம்பமாட்டார்கள்.

அன்று மாலையே ரூட்டரில் ஒரு மென்பொருளை ஏற்றினான்.

“இனிமே இது வெளியில இருக்கிற சரியான கடிகாரங்களக் கேட்டு மணியப் பிடிச்சு வச்சுக்கும். யார் கையால மாத்தினாலும் திரும்ப இழுத்துரும். வீட்டுல எந்தச் சாமான் எப்போ மணி கேட்டுச்சுன்னு சாமானுக்கு ஒரு வரியா பட்டியலும் எழுதி வைக்கும்.”

பத்தாம் தேதி காலை அவன் போனான். 9:12க்கு மார்ஜான் கடிகாரத்தின் வயரைப் பிடுங்கினாள். சுருட்டி, பால்கனி அலமாரியில் போட்டாள்.

“ரிப்பேராயிடுச்சு மாமா. மணி நான் சொல்றேன்.”

அதன் பிறகு மணி அவள் வாயில் இருந்தது. அவர் கேட்கும்போதெல்லாம் “ரெண்டு” என்பாள்.

பதினெட்டாம் தேதி என் சமையலறையில் மணி 5:20. மூன்றாவது கோப்பையைக் குடித்து முடித்துப் போனாள். கிழவர் செத்துக் கிடந்தார். முகம் வெறும் சுவரைப் பார்த்து. கீழுதட்டில் பல் பதிந்து. தூக்கத்தில் போனார் என்று புருஷனிடம் சொன்னாள். மறுநாள் குவானிஷ் வந்துசேர்ந்ததும் ஆண்கள் எடுத்துப்போய்ப் புதைத்தார்கள்.

ஏழாம் நாள் விருந்தும் முடிந்தது. இருபத்தாறாம் தேதி, வெள்ளிக்கிழமை. கல்லறைக்குக் கிளம்பிய குவானிஷ் வாசலில் நின்று சொன்னான்: “வந்ததும் அந்தப் பட்டியலப் பார்க்கணும். மணி சரியா ஓடுச்சான்னு.”

மார்ஜான் கணக்குப் போட்டாள். கடிகாரம் கடைசியாகக் கேட்டது பத்தாம் தேதி என்று இருக்கும். அப்பாவின் கடைசி ஒன்பது நாளும் அது அணைந்து கிடந்தது என்று தெரிந்துவிடும். அப்புறம் அவளை வீட்டில் வைத்திருப்பானா? அந்த ஒரு வரியை அழித்துவிட வேண்டும்.

3:31. மடிக்கணினியைத் திறந்தாள். கடிகாரத்தின் வரி இருந்தது.

கடைசியாக மணி கேட்டது... 40 வினாடிக்கு முன்.

பால்கனிக்கு ஓடினாள். கடிகாரம் அலமாரியில்தான் கிடந்தது. வயர் சுருட்டியபடி. எண்கள் இல்லாமல். ஐஸ் மாதிரிச் சில்லென்று...

3:40. திரும்பி வந்து பார்த்தாள். 64 வினாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு 32.

இறைச்சிச் சுத்தியலால் அதை உடைத்தாள். துண்டுகளை அள்ளிக் கட்டடத்துக் குப்பைக் குழாயில் கொட்டினாள். அவை நாலு மாடி கீழே விழும் சத்தம் எனக்கே கேட்டது. டக்... டக்... டக்... டங். என் கடிகாரத்தில் 3:48.

பட்டியலில்... 16 வினாடி.

8.

பகல் வெளிச்சம். தெருவில் பஸ் போகிற சத்தம். உள்ளே, காலிக் கட்டில் கிரீச்சிட்டது.

4... 2...

3:59.

“மார்ஜான்... மணி என்னம்மா?”

பழக்கதோஷம். நாக்கு முந்திக்கொண்டது.

“ரெண்டு.”

உள்ளே யாரோ உதட்டைக் கடிக்கும் சத்தம்.

அப்புறம் அவள் இடுப்பெலும்புக்குள்... வலி.

என் வாசலுக்கு நாலு காலில் தவழ்ந்து வந்தாள். கீழுதடு கிழிந்து ரத்தம். அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னாள். திறந்து கிடந்த கணினியை மாலையில் குவானிஷ் பார்த்தான். பத்தாம் தேதி 9:12 வரை கடிகாரம் கேட்டிருந்தது. அப்புறம் ஒன்பது நாள் ஒன்றுமில்லை. மறுபடி கேட்கத் தொடங்கியது பத்தொன்பதாம் தேதி மாலை சரியாக 4:00.

அப்பாவின் மேல் முதல் பிடி மண்ணை அவன் போட்டது அந்த நிமிஷம்தான்.

அவளை அவன் அடிக்கவில்லை. இரண்டு பையைக் கட்டி வாசலில் வைத்தான். மார்ஜான் தல்திகொர்கான் ஊரில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விட்டாள். தினமும் நாலு மணிக்கு இடுப்பு வலி வருகிறதாம். எந்த எக்ஸ்ரே படத்திலும் ஒன்றும் தெரியவில்லை என்று டாக்டர்கள் ஊசி போட மறுக்கிறார்களாம். குவானிஷ் இலையுதிர்காலத்தில் காஸ்பியன் கரை அக்தாவில் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். வீட்டைக் காலி செய்தபோது ரூட்டரை என்னிடம் நீட்டினான். “வச்சுக்கங்க ஷாய்ரா அக்கா. தேநீருக்கு.” சும்மா வருவதை நான் வேண்டாம் என்றதில்லை.

அந்தப் பட்டியலைத் திறக்க அவன்தான் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். என் வீட்டில் மணி கேட்கிற சாமான் என் கைப்பேசி ஒன்றுதான்.

பட்டியலில் இரண்டு வரி இருக்கிறது.