குருவம்மாவுக்கு இருந்தது வலி இல்லை, உளைச்சல்

பெரிய பேத்தி கார்த்திகா விளையாட்டு பிசியோதெரபியில் ஆராய்ச்சி முடித்து டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். பேரன் செந்தில் சிவகாசி பிரஸ்ஸில் நாலு கலர் மெஷினுக்கு ஆபரேட்டர் ஆகிவிட்டான். கடைக்குட்டி மீனா கபடியில் மாவட்ட டீமுக்கு செலக்ட் ஆகியிருக்கிறாள்.

இதில் எதை நான் இங்கே பேஸ்புக்கில் போட்டாலும் முதல் ஹார்ட் குருவம்மாவுடையது. கூடவே கமெண்டும் வரும்... "இது போன தடவ போட்ட போட்டோல்லா மதினி. புதுசாப் போடுங்க."

இன்று காலை குருவம்மா இறந்துவிட்டாள். நெஞ்சடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே...

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நானும் அவளும் அடுத்தடுத்து உட்கார்ந்து சரவெடிக்குச் சரம் பின்னியவர்கள். நான் வேலையை விட்டு நின்ற பிறகும் அவள் போய்க்கொண்டிருந்தாள்.

கார்த்திகாவின் பட்டத்தைப் பற்றி இங்கே எத்தனையோ தடவை பெருமை அடித்திருக்கிறேன். அதற்குள் குருவம்மா எப்படி வந்தாள் என்பதை இன்று எழுதுகிறேன்.

பந்து எறிந்து விளையாடுகிற பிள்ளைகளுக்குத் தோள்பட்டையில் வருகிற கோளாறு, நாள் முழுக்கக் குனிந்து சரம் பின்னுகிறவர்களுக்கும் வருகிறதா... அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மதுரையிலேயே வளர்ந்த பிள்ளை. எங்கள் ஊருக்கு வந்து, கம்பெனியில் அனுமதி வாங்கி, ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டாள். தோளில் வலி இருக்கிறதா? கழுத்தில் வலி இருக்கிறதா?

எல்லோரும் சொல்லிவைத்ததுபோல் இல்லை என்றார்கள்.

வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். "ஒருத்திக்கும் வலி இல்லையாம் அப்பத்தா. எங்க கைடு மேடம் வேற ஊரு பாருன்னு சொல்லப் போறாங்க. இம்புட்டு நாளும் வேஸ்ட்."

அந்த நேரம் பார்த்து குருவம்மா வந்தாள், சீப்பும் கையுமாக. கொண்டை போட என்னிடம்தான் வருவாள். வலது கை தோளுக்கு மேலே ஏறாது.

"பாட்டி, ஒங்களுக்கு வலி இருக்குல்ல? ஏன் இல்லைன்னு சொன்னீக?"

"வலியா? எனக்கா? பேரன் பேத்தி எடுத்தவளுக்கு வலி வந்தா ஊரு சிரிக்காதாத்தா?"

"பெறகு ஏன் கை ஏற மாட்டேங்குது?"

"அது உளைச்சல். கொஞ்சம் கடுப்பு. அதப் போயி வலிங்கிறாளே... ஒங்க பேத்தி எங்கிட்டு மதினி படிச்சா?"

நான் சிரித்த சிரிப்பில் சீப்பு கீழே விழுந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வலி வந்துவிட்டது என்றால் ஆட்டோவைக் கூப்பிட வேண்டும்... பிரசவத்துக்கு. மற்றதெல்லாம் உளைச்சல்தான்.

மறுநாள் கார்த்திகா கேள்வியை மாற்றிக்கொண்டு போனாள். "உளைச்சல் இருக்கா?"

அவ்வளவுதான். கழுத்தைக் காட்டுகிறவள், தோளைக் காட்டுகிறவள், முதுகைத் திருப்பிக் காட்டுகிறவள்... சாப்பாட்டு நேரம் வந்தும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லையாம்.

குருவம்மா மட்டும் ஒன்று கேட்டாள். "ஒன் ஆராய்ச்சியெல்லாம் எனக்கு வெளங்காதுத்தா. தைப் பொங்கலுக்குள்ள இந்தக் கை பானைக்கு எட்டணும். அம்புட்டுத்தான்."

எங்கள் தெருவில் பொங்கலுக்குப் பானை உடைக்கிற போட்டி உண்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் குருவம்மா கம்பு குறி தப்பாது. கை ஏறாமல் போன பிறகு அவள் அந்தப் பக்கமே வருவதில்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.

கார்த்திகா கபடிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற பயிற்சியை அவளுக்கும் கொடுத்தாள். ரப்பர் பட்டையை இழுப்பது, விரலாலேயே சுவரில் ஏறுவது. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் சுவரைப் பார்த்து நிற்பாளாம்.

போர்மேன் கேட்டாராம், "என்னக்கா, பல்லி புடிக்கீகளா?"

"ஆமா... ஒமக்கும் ஒன்னு வேணுமா?"

பொங்கலும் வந்தது. கண்ணைக் கட்டி விட்டார்கள். முதல் அடி காற்றில் போனது. ஒரு பயல் "ஆயா அவுட்டு" என்று கத்தினான். "ஏலே, வாய மூடுலே" என்றபடி நின்று, மூச்சை இழுத்து, கம்பை நேர் மேலே தூக்கினாள்.

பானை சில்லுச் சில்லாக... மஞ்சத்தண்ணி முழுக்க அவள் தலையில்.

தூக்கின கையை அவள் இறக்கவில்லை. "ஒடஞ்சிருச்சு குருவம்மா, கைய எறக்கு" என்று நான் கத்தினேன்.

"இருக்கட்டும் மதினி... கொஞ்ச நேரம் மேலயே இருக்கட்டும்."

கார்த்திகா அங்கேயே நின்று அழுதாள். பிறகு மதுரையில் பெரிய பெரிய டாக்டர்கள் முன்னால் தன் ஆராய்ச்சியை வாசித்தபோது என்னையும் குருவம்மாவையும் கூட்டிப் போயிருந்தாள். முழுக்க இங்கிலீஷ். நடுவில் ஒரே ஒரு வார்த்தை எங்களுக்குப் புரிந்தது... உளைச்சல்.

குருவம்மா என் தொடையில் கிள்ளினாள். "நம்ம வார்த்தைய சொல்லிட்டா மதினி!"

இப்போது அவள் வீட்டு வாசலில் பிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். அதில் ரேஷன் கார்டு போட்டோ. கையும் இல்லை, சிரிப்பும் இல்லை. அது அவளே இல்லை.

குருவம்மா மகன் பாண்டிக்கு... ஏலே, நீ அழுதுகொண்டிருப்பாய், தெரியும். பொங்கலன்று மஞ்சத்தண்ணியோடு உன் அம்மா கையைத் தூக்கி நின்றதை உன் போனில்தான் எடுத்தாய். இதுவரைக்கும் யாரும் பார்க்காத போட்டோ அது.

போய் வா குருவம்மா. கொண்டையை நீயே போட்டுக்கொள்வாய்.

பாண்டி, அந்தப் பழசை எடுத்துவிடு. உன் அம்மா என்னிடம் கேட்டதுதான், நான் உன்னிடம் கேட்கிறேன்... புதுசாப் போடு.