இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளி

கற்பகாம்பாளை நம்பிக் காலம் தள்ளும் உங்கள் எல்லோருக்கும் நமஸ்காரம். அம்பாள் எங்கள் குடும்பத்தை நடுத்தெருவுக்குப் போகாமல் காப்பாற்றினாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நான் செய்த திருட்டுத்தனத்தை மறைத்துவிட்டுச் சொன்னால் அது பாதிக் கதைதான். வெட்கத்தை விட்டு முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

1994 ஐப்பசி அடைமழையில் எங்கள் சமையலறைச் சுவர் இடிந்து விழுந்தது. கொதித்துக்கொண்டிருந்த ரசத்தோடு அடுப்பு அதற்கு அடியில் போய்விட்டது. தயிர் எடுக்க நான் அடுத்த அறைக்கு வந்திருந்ததால் பிழைத்தேன். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், என் கணவரின் தாத்தா கட்டிய வீடு அது. பாதி என் கணவருக்கு, பாதி அவருடைய அக்கா விசாலத்துக்கு. அக்கா சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். குழந்தை கிடையாது. அந்தப் பாதி நிலத்தைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு பிடிப்பு இல்லை.

மழை பெய்தால் ஒழுகாத ஒரு மூலையில் பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "நான் போறதுக்குள்ள ஒழுகாத கூரைக்குக் கீழே படுப்பேனாடி?" என்று கேட்பார். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் விடை சொல்லிவிடுவேன். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

இடித்துக் கட்ட எங்களிடம் வசதி இல்லை. அப்போது எங்கள் பக்கத்தில் சந்துக்குச் சந்து நடந்துகொண்டிருந்ததுதான் ஒரே வழி. நிலத்தை ஒரு பில்டரிடம் கொடுத்தால் அவர் அடுக்குமாடி கட்டி, பாதியை நமக்குக் கொடுத்துவிட்டு மீதியை விற்றுக்கொள்வார். நல்லவர் கையில் கொடுத்தால் வீடு வரும். மற்றவர் கையில் கொடுத்தால் இருந்ததும் போகும். யார் நல்லவர் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன?

எழுதித்தான் இருக்கிறது என்று நான் நினைத்தேன். முதலில் வந்த சேகர் எங்கள் வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிறவர். நெற்றி நிறைய விபூதி. வீட்டுக்குள் நுழைந்ததும் பூஜை அறையில் விழுந்து கும்பிட்டார். அக்காவுக்கு வடபழனி பிரசாதம் கொண்டுவந்தார். "மாமி, இதை நான் பிசினஸாப் பண்ணலை, கைங்கர்யமாப் பண்றேன்" என்றார். ஒவ்வொரு வீட்டுக்கும் பால்கனி, பூஜை அறைக்குத் தேக்குக் கதவு. பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. வேலை தடங்கலில்லாமல் நடக்க, நிலம் முழுவதற்கும் தன் பேரில் பவர் பத்திரம் வேண்டும். அதாவது எங்களைக் கேட்காமலே அதை விற்கவும் அடகு வைக்கவும் அவருக்கு உரிமை. என் கண்ணில் அது படவே இல்லை. தேக்குக் கதவுதான் பட்டது.

இரண்டாவதாக வந்த மூர்த்தி கே.கே. நகர்க்காரர். கொத்தனாராக ஆரம்பித்து மேலே வந்தவர். சாமி படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்புக் காலோடு கொல்லை வரை போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு சுவரையும் விரலால் தட்டிப் பார்த்தார். பால்கனி முடியாது, தேக்கு கட்டுப்படியாகாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். பவர் பத்திரம் பற்றி என் கணவர் கேட்டபோது, "மொத்த நிலத்துக்கும் எனக்கு இன்னாத்துக்கு சார்? நான் விக்கப்போற பாகத்துக்கு மட்டும், அதுவும் பிளான் பாஸ் ஆனப்புறம் குடுங்க போதும். ஆழ்வார்பேட்டைல நான் கட்னது மூணு கீது. அங்க குடியிருக்கறவங்களாண்ட போய்க் கேளுங்க. நான் கூட வரமாட்டேன்" என்றார்.

அக்கா என் கணவரை அழைத்துக்கொண்டு ஆழ்வார்பேட்டைக்குப் போய், மூன்று கட்டடத்திலும் மாடிப்படி ஏறி விசாரித்துவிட்டு வந்தார். எந்த மழைக்கும் அங்கே ஒழுகியதில்லையாம். மூர்த்திதான் என்று முடிவே செய்துவிட்டார். எனக்கோ மூர்த்தியின் பேச்சும் பிடிக்கவில்லை, செருப்பும் பிடிக்கவில்லை. நம் மனுஷாள், அம்பாள் பக்தர், அவரை விட்டுவிட்டு யாரோ ஒருத்தரிடமா கொடுப்பது என்று சண்டை போட்டேன். இரண்டு வாரம் நானும் அக்காவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒத்துவந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு என் கணவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

கடைசியில் அக்காதான் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார். சிவப்பு, வெள்ளை என்று இரண்டு பூவைத் தனித்தனியே பொட்டலம் கட்டி அம்பாள் பாதத்தில் வைக்கச் சொல்வது, குருக்கள் எடுத்துக் கொடுக்கும் பொட்டலத்தில் எந்தப் பூவோ அதுவே உத்தரவு. சேகருக்குச் சிவப்பு அரளி, மூர்த்திக்கு வெள்ளை நந்தியாவட்டை என்று பேசிக்கொண்டோம். அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அதனால் பூவைப் பறித்துப் பொட்டலம் கட்டும் வேலை என்னிடம் வந்தது.

இரண்டு பொட்டலத்திலும் நான் சிவப்பு அரளியையே வைத்தேன். எல்லாம் குடும்ப நன்மைக்குத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்து கிராஃப் தாளைக் கிழித்துக் கட்டினேன்.

ஆடி வெள்ளிக்கிழமை. சந்நிதியில் நிற்க இடமில்லாத கூட்டம். குருக்கள் எங்கள் பொட்டலங்களை வாங்கி, வேறு யார் யாரோ கொடுத்தவற்றோடு சேர்த்துத் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோனார். கற்பூரம் காட்டி முடித்து, நீட்டிய அக்காவின் கையில் ஒன்றை வைத்தார். அக்கா அப்படியே அதை என்னிடம் கொடுத்தார்.

"என்ன பூடி? எனக்குச் சரியாத் தெரியலை. நீயே பார்த்துச் சொல்லு."

கையில் இருந்தது கிராஃப் தாள் இல்லை, செய்தித்தாள். பிரித்தேன். உள்ளே வெள்ளை நந்தியாவட்டை.

எனக்குக் குப்பென்று வியர்த்தது. கூட்டத்தில் யாருடைய பொட்டலமோ மாறி வந்திருக்கிறது. குருக்களே, இது எங்களுடையது இல்லை என்று சொன்னால் போதும். உண்மையும் அதுதான். இல்லாவிட்டால் சிவப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வாயைத் திறந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே அம்பாள். கண் தெரியாத ஒரு விதவையின் சோற்றில் மண்ணை அள்ளிப் போடவா என் சந்நிதிக்கு வந்தாய் என்று கேட்பது போல இருந்தது. தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். அழுகையோடு, "வெள்ளை, அக்கா" என்றேன்.

ஆவணியில் மூர்த்தியோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சேகருக்கு எங்கள் பஜனைக்கு வரும் குடும்பம் ஒன்று தங்கள் முழு நிலத்துக்கும் பவர் கொடுத்தது. அவர் அதை அடகு வைத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டு நாலு தூண் மட்டும் அங்கே நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அம்பாளை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். மூர்த்தியோ, ஒரு தூணில் கான்கிரீட் சரியாகப் பிடிக்கவில்லை என்று, நாங்கள் யாரும் சொல்லாமலே அதை இடித்து மறுபடி வார்த்தார். சொன்னதைவிட ஐந்து மாதம் தாமதம்தான். ஆனால் சொன்னது எல்லாம் வந்தது. 1997 தையில் பால் காய்ச்சினோம்.

அந்த வருஷ ஐப்பசி மழை கொட்டியபோது அக்கா புதுவீட்டு நடுக்கூடத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தார். கண்ணும் ஆபரேஷன் ஆகியிருந்தது. மேலே பார்த்தபடி, "ஒரு சொட்டு இல்லைடி" என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா என்னை எழுப்பி உட்காரவைத்தார். பிறகு என் தலையைத் தடவி, "புரை வந்த கண்ணுக்கும் வெள்ளை தெரியும்டி. நீ என்ன சொல்லப்போறேன்னுதான் பயந்துண்டு நின்னேன்" என்றார்.

பில்டரை மட்டும் அம்பாள் காட்டிக்கொடுக்கவில்லை, என்னையும் எனக்குக் காட்டிக்கொடுத்தாள். அன்றிலிருந்து நெற்றியைப் பார்த்து யாரையும் எடை போடுவதை விட்டுவிட்டேன். நீங்களும் வீடு கட்டக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், அவர் முன்னே கட்டிய வீட்டுக்குப் போய் அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். பிறகு தைரியமாக அம்பாளிடம் வாருங்கள், அவள் கைவிட மாட்டாள். ஆனால் வரும்போது வெள்ளைப் பூவையும் மறக்காமல் கட்டிக்கொண்டு வாருங்கள்.