பந்தோடு ஓடலாம்

சுவிஸில், ஓல்டன் நகரத்தில் ஒரு விளையாட்டு மண்டபத்தைப் பதினாறு வருடம் துடைத்தேன். எங்கள் மேல்மாடி வீட்டுப் பிள்ளை அங்கேதான் கூடைப்பந்து பழகினாள். பிறகு சம்பளத்துக்கு ஆடினாள். எங்கள் ஆட்களில் பந்து விளையாடுவதையே வேலையாகச் செய்த முதல் பெண் அவள்தான் என்று சொன்னார்கள்.

பக்கத்து ஊரான திரிம்பாக்கில் உள்ள கோயிலில் ஒரு அம்மா அவளுடைய தாயிடம், "மகளுக்கு என்ன வேலை, பந்து தட்டுறதோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. உங்கடை மருமகன் சும்மாதானே இருக்கிறார், அவருக்கும் கேட்டுப் பாக்கட்டோ?" என்றாள் தாய்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியிருக்கிறேன். அதில் பந்து கைக்கு வந்தால் நகரக்கூடாது. இவள் பந்தைத் தட்டிக்கொண்டு மண்டபம் முழுவதையும் கடந்ததை முதன்முதல் கண்டபோது, துடைப்பதை விட்டுவிட்டு நின்றேன்.

"பிள்ளை, பந்தோடை ஓடினா விசில் ஊதமாட்டினமோ?"

சிரித்தாள். "இதிலை ஓடலாம் அன்ரி. தட்டிக்கொண்டு ஓடவேணும், அவ்வளவுதான்."

ஓடலாமாம். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முழங்காலில் நார் அறுந்து ஒரு வருடம் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது, அந்த வருடத்துக் கடைசிப் போட்டியில் கால் தாங்கினால்தான் புது ஒப்பந்தம் என்று கழகத்தில் சொல்லிவிட்டார்கள். அன்று காலை தரையை மூன்று தரம் துடைத்து, வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். பின்னேரம் அவளுடைய தாயோடு கடைசி வரிசையில் போய் இருந்தேன். ஆட்களோடு இருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆட்டம் முடியும் நேரம், கூடைக்கு எழும்பியவளை ஒருத்தி இடித்தாள். இவள் விழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். தாய் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

பிள்ளை எழும்பினாள். இடித்ததற்காக, கோட்டில் நின்று இரண்டு தரம் எறிய விட்டார்கள். யாரும் மறிக்கக்கூடாது. இது எனக்குத் தெரிந்த விளையாட்டு, நின்ற இடத்திலிருந்து எறிவது. ஆனால் அவ்வளவு சனமும் பார்த்திருக்க, ஒருத்தி இப்படித் தனியே நிற்பாள் என்று நான் நினைத்ததில்லை. பேக்கரியில் பாண் கேட்கவே எனக்குக் குரல் வராது.

முதல் பந்து வளையத்தில் படாமல் கூடைக்குள் இறங்கியது. இரண்டாவதும் அப்படித்தான்.

உடனே திரும்பி, அந்தக் காலாலேயே ஓடினாள். ஒரு நொண்டல் இல்லை. தாய் அப்போதுதான் என் கையை விட்டாள்.

முடிந்ததும் வியர்வையோடு எங்களிடம் வந்து, "தரை வழுக்கேல்லை அன்ரி," என்றாள்.

அதற்குப் பிறகும் மூன்று வருடம் அந்தத் தரையில் ஆடினாள்.