தரகர் படித்த துருக்கி மொழி

என் வீட்டுக்காரர் வாடகை வீட்டுத் தரகர். வாயைத் திறந்தால் புளுகு. புறாக்கூண்டைக் காட்டி "காத்தோட்டமான வீடு" என்பார், கூசவே கூசாது.

ஊரோரத் தொழிற்சாலைக்குத் துருக்கிக்காரர்கள் குடும்பத்தோடு வந்ததும், துரைக்கு அவர்கள் மொழி படிக்கும் ஆசை வந்துவிட்டது. சமையல்மேடையில் கைபேசியைச் சாத்திவைத்துப் பாடம் கேட்டார். பொருளைச் சொல்ல வேண்டும், அது எப்படிப்பட்டது என்று அடுத்துச் சொல்ல வேண்டும், வாக்கியம் முடிந்தது. 'எவ்' வீடு, 'ப்யூயூக்' பெரிசு. 'எவ் ப்யூயூக்' என்றால் வீடு பெரிசு. மாற்றிப் போட்டு 'ப்யூயூக் எவ்' என்றால் பெரிய வீடு. அப்படியே நாம் பேசுகிற மாதிரிதான்.

"அட, இவ்வளவுதானா!" என்று குதித்தார். பெரிசு, அழகு, சுத்தம் தெரிந்ததும் பண்டிதராகிவிட்டார். ஈரம், அழுக்கு, பொய்யன் என்று பாடம் போனபோது எழுந்துவிட்டார். வாக்கியத்தின் கடைசியில் 'தெயில்' சேர்த்தால் 'இல்லை' என்று ஆகுமாம். "இல்லைங்கிற வார்த்தை தரகனுக்கு எதுக்குடி?" என்றார். மிச்சப் பாடத்தைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே நான் கேட்டேன்.

முதல் ஆளாக ஒரு துருக்கிப் பெண் மாட்டினாள். "பொம்பள கூட வந்தா நம்புவாங்க" என்று என்னையும் இழுத்துப்போனார். அவளுக்குக் காட்டப்போன வீட்டில் பின்னறைச் சுவர் எப்போதும் ஊறிக்கிடக்கும். மகானுபாவர் பீரோவை நகர்த்திக் கறையை மறைத்திருந்தார்.

அவள் இடுப்பில் இருந்த குழந்தைக்கு இளைப்பு. மூச்சு விசில் அடித்தது. அறைக்குள் வந்ததும் முகர்ந்து பார்த்து, கவலையோடு கேட்டாள்: "துவார் குரு மு?" சுவர் காய்ந்திருக்கிறதா என்கிறாள். 'துவார்' நம் சுவர் மாதிரியே இருந்ததால் எனக்கு மறக்கவில்லை.

இவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. "எவ் க்யூஸெல்! ஓடா தெமிஸ்!" என்று பல்லைக் காட்டினார். வீடு அழகாம், அறை சுத்தமாம். அவள் பாவம், நம்பித் தலையாட்டினாள். குழந்தை இருமியது.

தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா?

"துவார் இஸ்லக்," என்றேன். சுவர் ஈரம்.

"பரவாயில்லையே, நீயும் எடுத்துக் குடுக்கிறியே!" என்று இவர் பூரித்தார்.

அவள் பீரோவுக்குப் பின்னால் கைவிட்டாள். ஈரக்கையை எடுத்து இவரைக் காட்டி, "கிம்?" என்றாள். யார் இது என்று.

"கொஜாம்," என்றேன். என் புருஷன். அதோடு நிறுத்த மனம் வரவில்லை. "கொஜாம் யலாஞ்ஜி." என் புருஷன் பொய்யன்.

அவள் என் தோளைத் தொட்டுவிட்டு, குழந்தையை அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நான் தம்மைத்தான் புகழ்ந்து தள்ளுகிறேன் என்று நினைத்த இவர், நெஞ்சில் கைவைத்து அவள் முதுகுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார்.